ஜன்னல் கண்ணாடியில் பிரதமர்

அவர் வீட்டு முன்ஜன்னலில் எப்போதும் யாராவது ஒரு பெரிய மனிதர் ஒட்டப்பட்டிருப்பார். ஒரு வாரம் பிரதமர், மறுவாரம் ரக்பி ஆட்டக்காரர், தீபாவளி நெருங்கினால் சென்னையின் பெரிய நடிகர் ஒருவர் கறுப்புக் கண்ணாடியோடு. செய்தித்தாளில் வந்த படத்தை வெட்டிக் கண்ணாடியில் ஒட்டுவார். அதன்மேல் வெள்ளைத் தாளை வைத்து, வெளியிலிருந்து வரும் வெளிச்சத்தில் முகத்தின் கோடுகளைப் பென்சிலால் எடுப்பார். ஆக்லாந்தில் மழைக்குக் குறைவில்லை. மழை மாதங்களில் கண்ணாடி வியர்த்து, ஒட்டிய படம் நனைந்து உப்பும்; அவர் படக்கதையில் எல்லோருக்கும் முகம் கொஞ்சம் வீங்கியிருக்கும்.

எங்கள் வட்டாரத்துத் தமிழர்கள் சேர்ந்து ஒரு சின்னச் சங்கம் நடத்தினோம். மலேசியாக்காரர்கள், யாழ்ப்பாணத்துக்காரர்கள், தமிழ்நாட்டுக்காரர்கள், பிஜியிலிருந்து வந்த நாலைந்து குடும்பங்கள். சங்கத்துக்கு ஒரு மாத இதழ் இருந்தது. போட்டோகாப்பி எடுத்து ஸ்டேப்ளர் அடித்ததுதான். அதன் கடைசி இரண்டு பக்கங்கள் அவருடையவை. 'தெற்கு வானின் காவலர்' என்று விண்வெளிப் படக்கதை. நூறு வருடம் கழித்துப் பூமி அழிகிறது, நியூசிலாந்து மட்டும் மிஞ்சுகிறது, அங்கிருந்து ஒரு விண்கலம் கிளம்புகிறது. அதில் போகிறவர்கள் எல்லோரும் நிஜ மனிதர்கள். கலத்தின் தலைவர் பிரதமர். துணைத் தலைவர் எங்கள் தொகுதி எம்.பி. எரிபொருள் அறைக்குப் பொறுப்பு எங்கள் சங்கத் தலைவர். நடிகர் சண்டைக்கு மட்டும் வருவார். நூறு வருடம் கழித்தும் இவர்கள் எல்லாம் எப்படி உயிரோடு இருப்பார்கள் என்று யாரும் கேட்டதில்லை. பதவியில் இருக்கிறவர்களுக்குச் சாவு கிடையாது என்பது அவருடைய நம்பிக்கையாக இருக்கலாம்.

அவர் சொல்லும் வசனத்தைக் கட்டங்களில் எழுதுவது என் வேலை. அவர் மலேசியாவில், ஈப்போவில் இங்கிலீஷ் ஸ்கூலில் படித்தவர். தமிழ் வாசிப்பார், எழுதினால் கோணும். நான் கிள்ளான் பக்கத்துத் தமிழ்ப் பள்ளியில் படித்தவள். அதற்குமேல் பெரிதாகப் படிக்கவில்லை, கையெழுத்து மட்டும் அச்சு மாதிரி இருக்கும். பென்ரோஸில் ஒரு கிடங்கில் பெயின்ட் டப்பாக்களைப் பெட்டியில் அடுக்கும் வேலை செய்துகொண்டிருந்தேன். வேலை முடிந்து தலையில் வலைத்தொப்பியோடு வந்து நிற்பேன், வாசலில் அவர் கார் நிற்கும். இறங்கி வந்து தாள்களை நீட்டுவார். கண் என் தோளுக்குமேலே போய், முன்னறையில் ஓடுகிற டிவியில் நிற்கும்.

"ஏம்மா, இந்த வாட்டி பிரதமர் பேசறது கொஞ்சம் பெரிசா இருக்கட்டும். மத்தவங்களுது சின்னதா."

"சரிங்க சார்."

"உன் வீட்டுக்காரர் நல்லா இருக்காரா? பஸ் கம்பெனிதானே?"

பதிலுக்கு நிற்க மாட்டார். என் பெயரை அவர் கேட்டதில்லை. நானும் சொன்னதில்லை.

இயந்திரங்களை அவர் நன்றாக வரைவார், அதை மறுக்க மாட்டேன். ஓர் இன்ஜினியரிங் கம்பெனியில் வரைபடம் போடுகிற உத்தியோகம். விண்கலத்தின் ஒவ்வொரு ஆணியும் அதன் இடத்தில் இருக்கும். ஆனால் மனிதர்களை வரையத் தெரியாது. ஜன்னலில் எடுத்த முகம் ஒன்றே ஒன்றுதான். அதையே எல்லாக் கட்டத்திலும் வைப்பார். பிரதமர் ஏதோ ரிப்பன் வெட்டும்போது சிரித்த படம் அவருக்குக் கிடைத்திருந்தது. ஆகவே கலம் தீப்பிடித்தாலும் பிரதமர் சிரிப்பார். பாதிப் பேர் செத்தாலும் சிரிப்பார். ரக்பி ஆட்டக்காரர் படத்தில் வாயைப் பிளந்து கத்திக்கொண்டிருந்தார். அதனால் கதையில் அவர் காதலைச் சொல்லும்போதும் கத்தினார்.

எம்.பி.யின் படம்தான் எல்லாவற்றையும்விட மோசம். ஏதோ பள்ளிக்கூடத்துக்கு நிதி சேர்க்க வெளியே அடுப்பு வைத்து சாசேஜ் சுட்டு விற்றார்களாம். அங்கே போய் ஒன்றை வாயில் வைத்த நேரத்தில் எடுத்த படம். ஒரு பக்கக் கன்னம் புடைத்திருக்கும். அதே கன்னத்தோடு மனுஷர் இரண்டு வருடம் விண்வெளியில் பறந்தார். தமிழ் வகுப்புக்கு வரும் பிள்ளைகள், "வை இஸ் ஹி ஆல்வேஸ் ஈட்டிங்?" என்று கேட்டுக் கேட்டுச் சிரிப்பார்கள்.

இந்த முகங்களெல்லாம் பெரிய மனிதர்களுக்குத்தான். கதையில் ஜனங்களும் வருவார்கள். கலம் திரும்பி வரும்போது கையசைக்க, வேற்றுக்கிரகத்தார் தாக்கும்போது ஓட. அவர்களுக்கு முகமே கிடையாது. வெறும் வட்டம், முட்டை அடுக்கியதுபோல. ஒருமுறை தைரியமாகக் கேட்டுவிட்டேன்.

"இவங்களுக்குக் கண்ணு மூக்கு போடலீங்களா சார்?"

"ஜனங்கதானே? எதுக்கு?" என்றார் டிவியைப் பார்த்தபடி. "யாருன்னு யார் கேக்கப் போறா?"

அவர் வீட்டுச் சுவரில் அவர் பிரபலங்களோடு எடுத்துக்கொண்ட படங்கள் வரிசையாக மாட்டியிருக்கும். எடுத்துக்கொண்டது என்பதைவிட, பிரபலங்களை எடுத்த படங்களில் அவரும் கொஞ்சம் விழுந்தது என்று சொல்வதே சரி. ஒன்றில் முழங்கை. ஒன்றில் தோளும் சட்டைக் காலரும். மலேசிய மந்திரி ஒருவர் நடந்து போகிற படத்தில், ஓரமாக ஒரு காது மட்டும் தெரியும். வந்தவர்களுக்கு அந்தக் காதைத் தொட்டுக் காட்டுவார். அவர் மனைவி தேநீர்க் கோப்பைகளை வைத்துவிட்டு, "காது அவரோடதுதான், நான் சாட்சி" என்று சொல்லிவிட்டு உள்ளே போவார். அந்தம்மாள் அதைக் கிண்டலாகச் சொன்னாரா, பழக்கத்தில் சொன்னாரா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

இதழ் வந்ததும் ஒரு பிரதியை, ஆங்கிலத்தில் ஒரு கடிதத்தோடு, கதையில் வந்த ஒவ்வொருவருக்கும் தபாலில் அனுப்புவார். முகவரிச் சீட்டுகளை அவரே அழகாக அச்சடித்துச் சங்கச் செயலாளரிடம் கட்டாகக் கொடுத்து வைத்திருந்தார். மறக்காமல் மாதாமாதம் அனுப்பவேண்டும் என்று உத்தரவு.

பதவி போனால் கதையிலும் போய்விடும். சங்கத் தலைவர் ஒரு வருடம் சங்கத் தேர்தலில் இரண்டு வாக்கில் தோற்றார். நல்ல மனிதர், எங்கள் பிள்ளைகளுக்கு வகுப்பறை பிடித்துக் கொடுத்தவர். மறுமாதம் எரிபொருள் அறையின் கதவு திறந்துகொண்டது. தலைக்கவசம் இல்லாமல் அண்டவெளியில் மிதந்து போனார். நான் வசனத்துக்காகக் காத்திருந்தேன். "அவனுக்கு வசனம் வேணாம்மா" என்றார். நேற்றுவரை 'தலைவர் அவர்கள்'.

எங்கள் தெருவில் மஞ்சுளா என்று ஒரு யாழ்ப்பாணத்துப் பெண் இருந்தாள். தன் சின்ன மகளோடு வந்து சேர்ந்தவள். புருஷன் கொழும்பில் ஒரு அறையில் ஒளிந்துகொண்டிருந்தார். விசாவுக்குப் போட்ட மனு ஒருமுறை தள்ளுபடியாகி, இரண்டாம் முறை கிடப்பில் கிடந்தது. போன் மணி அடித்தால் அவளுக்கு முகம் வெளுக்கும். பிள்ளை அப்பாவின் குரலைப் போனில் கேட்டு, "ஹூ இஸ் திஸ்?" என்று கேட்டதாக ஒருநாள் என்னிடம் சொல்லி அழுதாள். எம்.பி. அவள் கதையைக் கேட்டு, தேர்தல் முடிந்ததும் குடிவரவு மந்திரிக்குத் தன் கையால் ஒரு கடிதம் எழுதித் தருவதாகச் சொல்லியிருந்தார். அந்தக் கடிதம் ஒன்றுதான் அவளுக்கு மிச்சமிருந்த வழி.

அது தொண்ணூற்றாறாம் வருடத் தேர்தல். வாக்குப்போடும் முறையே புதிது. சனிக்கிழமை இரவு எல்லோரும் டிவி முன்னால் உட்கார்ந்திருந்தோம். எந்தக் கட்சிக்கும் பெரும்பான்மை இல்லை. எங்கள் தொகுதியில் எம்.பி. கொஞ்சம் வாக்கில் பின்தங்கியிருந்தார். மஞ்சுளா எழுந்து, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போனாள்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலமே அவர் தாள்களோடு வந்துவிட்டார். அவ்வளவு வேகமாக அவர் எதையும் வரைந்ததில்லை. துணைத் தலைவரை வேற்றுக்கிரகத்து மண்ணில் நெளிகிற புழுவாக மாற்றியிருந்தார். உடம்பு வளையம் வளையமாக, அருவருப்பாக. முகம் மட்டும் அதே முகம். ஒரு பக்கக் கன்னம் புடைத்திருந்தது.

"எழுதும்மா. 'நான் தோற்றுவிட்டேன். இனி எனக்கு மண்தான் உணவு.'"

"சார், அவரு மஞ்சுளாவுக்கு உதவி பண்றவரு..."

"பண்ணிக்கிட்டு இருந்தாரு. முடிஞ்சிபோச்சிலா. தோத்தவன் கையெழுத்து எந்த ஆபீஸ்ல செல்லும்?"

அடுத்த கட்டத்தைப் பார்த்தேன். கலத்தின் தலைவர் இருக்கையில் உட்கார்ந்திருந்தவருக்கு முகம் இல்லை. தலைக்கவசத்தின் முன்மூடி கழுத்துவரை இறங்கியிருந்தது.

"இது யாரு சார்?"

முதல்முறையாக அவர் குரல் தணிந்தது. "அதான் இன்னும் தெரியலையேம்மா. எவன் எவனோட சேரப் போறான்னு பேசிக்கிட்டு இருக்காங்க. இப்பவே ஒரு மூஞ்சியப் போட்டுட்டு, நாளைக்கு வேற ஆளு வந்துட்டா? மூடியே இருக்கட்டும்."

ரிப்பன் வெட்டிச் சிரித்த பிரதமரை இத்தனை வருடம் விண்வெளியில் சுமந்தவர், ஒரே ராத்திரியில் அவர் முகத்தின்மேல் மூடியை இறக்கிவிட்டார்.

இதழ் அச்சாகி, ஸ்டேப்ளர் அடித்து, தபாலில் போய்ச் சேர்ந்தது. அதன்பிறகுதான் வெளியூரிலும் வெளிநாட்டிலும் போட்ட சிறப்பு வாக்குகளை எண்ணி முடித்தார்கள். எங்கள் எம்.பி. ஜெயித்துவிட்டார்.

அன்று படக்கதைக்காரர் பட்ட பாட்டைப் பார்க்கவேண்டும். மழையில், குடைகூட இல்லாமல், வீடு வீடாகப் போய் இதழைத் திருப்பிக் கேட்டார். "ஒரு பக்கம் தப்பா அச்சாயிடிச்சி, மாத்தித் தர்றேன்" என்று. யார் கொடுப்பார்கள்? அதற்குப் பிறகு வாசிக்காதவர்களும் தேடி எடுத்து வாசித்தார்கள். பிஜிக்காரர் ஒருவர் கடையில் கல்லாவுக்குப் பின்னால் புழுவை ஒட்டிவைத்தார். கடைசியில் செயலாளர் வீட்டுக்கு மூச்சிரைக்கப் போய், "எம்.பி. ஆபீசுக்கு அனுப்பலையே?" என்று கேட்டிருக்கிறார்.

"அனுப்பிட்டனே. நீங்க தந்த சீட்டுக் கட்டில முதல் சீட்டே அதுதானே?" என்றாராம் செயலாளர்.

மஞ்சுளாவுக்கு அடுத்த சனிக்கிழமை காலை எம்.பி. அலுவலகத்தில் நேரம் கொடுத்திருந்தார்கள். துணைக்கு என்னைக் கூப்பிட்டிருந்தாள். படக்கதைக்காரரும் வந்தே தீருவேன் என்று தன் காரிலேயே எங்களை ஏற்றிக்கொண்டார். நானும் மஞ்சுளாவும் பின்சீட்டில். வழியெல்லாம் முன்கண்ணாடியைப் பார்த்துத் தலைமுடியைச் சரிசெய்துகொண்டே வந்தார்.

"ஒண்ணும் பயப்படாதீங்க. நான் பேசிக்கிறேன்லா."

"அங்கிள், நீங்கள் ஒண்டும் கதைக்காதேங்கோ," என்றாள் மஞ்சுளா. "உங்களைக் கும்பிட்டன். அந்தக் கடிதம் கிடைச்சால் போதும்."

எம்.பி. பருத்த மனிதர். எழுந்து நின்று கைகொடுத்தார். மேசைமேல் எங்கள் இதழ் இருந்தது, கடைசிப் பக்கம் மேலாக. மஞ்சுளா அதைப் பார்த்துவிட்டு என் முழங்கையைப் பிடித்தாள்.

"இந்தக் கன்னத்தை எனக்குத் தெரியும்," என்றார் எம்.பி. ஆங்கிலத்தில். "அந்த சாசேஜ் நன்றாகவே இல்லை. இது நான்தானே?"

படம் போட்டவர் நாற்காலியின் நுனிக்கு வந்தார். பிறகு சொன்னதை நான் மறக்கவே மாட்டேன். தமிழர் பண்பாட்டில் புழு மிகவும் உயர்ந்த பிறவி என்றார். புழுவிலிருந்துதான் எல்லாம் பிறக்கிறது, பெரிய தலைவர்களை மட்டுமே நாங்கள் புழுவாக வரைவோம், இது எங்கள் ஆயிரங்காலத்து மரபு என்றார். கூச்சமே இல்லை. ஒரு எம்.பி.யிடம் தப்பிக்க, மொத்தத் தமிழ்ச் சாதியையும் புழுவைக் கும்பிடுகிறவர்களாக ஆக்கிவிட்டார்.

எம்.பி. தலையாட்டிக் கேட்டார். "அப்படியா? சரி, இந்தப் புழு என்ன சொல்கிறது?"

"வசனம் என்னுது இல்லீங்க," என்று அவர் சட்டென்று என்னைக் கைகாட்டினார். "எழுத்தெல்லாம் இந்த அம்மாவோடது. நான் படம் மட்டும்தான்."

மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள். கிடங்கில் சூப்பர்வைசர் 'குட்மார்னிங்' சொன்னாலே எனக்குக் காது சூடாகும். மஞ்சுளா குனிந்தபடி, உதடு அசையாமல், "அக்கா, எதையாவது சொல்லுங்கோ. கெதியாச் சொல்லுங்கோ" என்றாள். எனக்கும் எதையாவது சொல்லத்தான் ஆசை. ஆனால் பொய் சொல்ல ஒரு சாமர்த்தியம் வேண்டும், அந்நேரத்தில் அது வரவில்லை. எழுதியிருந்தது மட்டும்தான் கண்ணுக்குத் தெரிந்தது. அதையே ஆங்கிலத்தில் சொன்னேன்.

"நான் தோற்றுவிட்டேன். இனி எனக்கு மண்தான் உணவு."

மஞ்சுளா கண்ணை மூடிக்கொண்டாள்.

எம்.பி. தலைக்கவசக்காரரின் கட்டத்தில் விரலை வைத்தார். "அப்போ இந்த மூடி போட்டவர் யார்?"

"அது... இன்னும் தெரியவில்லை, சார்," என்றேன்.

மனுஷர் சிரித்தார் பாருங்கள். நாற்காலி கிறீச்சிட்டது. வெளியே இருந்த டைப்பிஸ்ட் பெண் என்னவோ என்று எட்டிப் பார்த்தாள். "எங்களுக்கும்தான் தெரியவில்லை!" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். "தேர்தலைப் பற்றி நான் வாசித்ததில் உண்மையான வார்த்தை இது ஒன்றுதான்." அப்படியே அந்தச் சிரிப்போடு மஞ்சுளாவின் பக்கம் திரும்பினார், முகம் மாறியது. புருஷன் பெயர், பிறந்த தேதி, கொழும்பு முகவரி எல்லாம் நிதானமாகக் கேட்டார். நாங்கள் கிளம்பும்போது மந்திரிக்கு எழுதிய கடிதத்தின் பிரதி மஞ்சுளாவின் கைப்பையில் இருந்தது. வாசலில் எம்.பி. என் பெயரைக் கேட்டு, இரண்டு முறை சொல்லிப் பார்த்துக்கொண்டார்.

காரில் ஏறியதும் அவர் கேட்டார்: "பாத்தீங்களா, எப்படி முடிச்சேன்?"

மஞ்சுளா அழுதுகொண்டிருந்தாள். அவர் அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை. விசிலடித்துக்கொண்டே வண்டி ஓட்டினார்.

மறுமாதம் புழு தோலை உரித்துக்கொண்டு எழுந்து, பொன் கவசத்தோடு துணைத் தலைவரானது. ஆட்சி யாருடையது என்று முடிவானதும் தலைவரின் கவச மூடியும் மேலே ஏறியது. எழுத மாட்டேன் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கை வலிக்கிறது என்று சொன்னேன். "அப்ப கம்ப்யூட்டர்லயே போட்டுக்கறேன்" என்று தாள்களைத் திரும்ப வாங்கிக்கொண்டார். எந்தக் கை என்றுகூடக் கேட்கவில்லை. அதோடு அவர் எங்கள் வாசலுக்கு வரவில்லை. நானும் சங்கத்துக்குப் போவதை விட்டுவிட்டேன்.

மஞ்சுளாவின் புருஷன் வந்து சேர்ந்தார். இருவரும் இரண்டு வேலை பார்த்து, தொண்ணூற்றொன்பது கடைசியில் வெஸ்ட்கேட் பக்கம் ஒரு சின்ன வீடு வாங்கினார்கள். குடிபுகுதலுக்குப் போயிருந்தேன். கல்யாணத்துக்கு எடுத்த பட்டுச்சேலையை உடுத்தியிருந்தேன். கொஞ்ச நாள் முன்புதான் இன்னொரு தேர்தல் முடிந்திருந்தது. எம்.பி. இந்த முறை நிஜமாகவே தோற்றிருந்தார், சிறப்பு வாக்கு எண்ணியும் தோல்விதான். ஆனாலும் ஒரு பூந்தொட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார். கராஜில் போட்டிருந்த பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து உளுந்துவடை சாப்பிட்டார். மஞ்சுளாவின் மகள் பக்கத்தில் நின்று அவர் புடைத்த கன்னத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். "மண்ணைவிட இது எவ்வளவோ மேல்!" என்று வடையைத் தூக்கிக் காட்டிச் சத்தமாகச் சிரித்தார்.

அந்தச் சத்தத்தில் வாசலில் நின்ற ஒருவர் திரும்பிப் பார்த்தார். அவர்தான். புதிய எம்.பி. வரக்கூடும் என்று யாரோ சொல்லியிருந்ததால், கழுத்தில் கேமராவை மாட்டிக்கொண்டு காலையிலிருந்து அங்கேயே நிற்கிறாராம். பழைய எம்.பி.யைக் கண்டதும் பார்வை அவர்மேல் தங்காமல் சுவருக்குப் போனது. எம்.பி. கைகழுவ எழுந்து போகும்வரை காத்திருந்துவிட்டு, என் பக்கம் வந்தார். சேலையைப் பார்த்தார். ஒரு வெள்ளைக்காரர் பெயர் சொல்லிக் கூப்பிட்ட பெண் என்று கணக்குப் போட்டிருக்கவேண்டும். கையைக் கூப்பினார்.

"வணக்கம்ங்க. உங்கள எங்கயோ பாத்திருக்கேனே. பேப்பர்ல வந்தீங்களா?"

முதல்முறையாக என் முகத்தை நேராகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வந்திருக்கேங்க," என்றேன்.

"அப்படியா! எந்தப் பேப்பர்?"

"உங்க படக்கதையிலதான் சார். கூட்டத்துல நின்னேன்."

அவருக்கு விளங்கவில்லை. விளங்காததைப் பெரிய மனிதர்களின் நகைச்சுவையாக எடுத்துக்கொண்டு சிரித்தார். மேலும் ஏதோ கேட்க வாயெடுத்தபோது வெளியே வண்டி வந்து நிற்கும் சத்தம் கேட்டது. கேமராவைச் சரிசெய்துகொண்டு ஓடினார்.

வந்தது சாப்பாட்டு வண்டி. கதவு திறந்து பிரியாணிச் சட்டி இறங்கும்வரை, அவர் கைகூப்பியபடி நின்றிருந்தார்.